இருதயநாதனின் கேரவனும் ஒன்பது நாள் நாற்றமும்

திண்டிவனத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஷெட்டுகளில் இருதயநாதன் என்று கேட்டால், "யாரு, முணுமுணுப்பு மேஸ்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வெல்டிங் வைக்கும்போதும் முணுமுணுப்பார், சாப்பிடும்போதும் முணுமுணுப்பார். கோயிலில் செபமாலை சொல்லும்போதுகூட அது செபமா புகாரா என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தைந்து வருஷமாகத் தகரத்தோடும் ரிவெட்டோடும்தான் பிழைப்பு. தான் கட்டின பாடியில் எந்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்பது அவருடைய கர்வம். போன செப்டம்பரில் அந்தக் கர்வத்தை ஒன்பது நாள் சாக்கடை நாற்றம் பிடித்து ஆட்டியது.

நாற்றம் வந்தது அவரே கட்டிய கேரவனில். சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி பெரிய வண்டி இல்லை. ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய வேன். சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு இரண்டு படுக்கை, ஒரு மின்விசிறி, பின்பக்கம் தகரத் தடுப்புக்குள் ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ், ஒரு வாஷ்பேசின், கீழே சேஸிஸோடு சேர்த்துக் கட்டிய கழிவுத் தொட்டி, தொட்டிக் காற்று வெளியேறக் கூரைக்கு மேலே ஒரு குழாய். ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கக்கூஸுக்காக வண்டி கட்டுகிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை. இருதயநாதனும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமாகவும் அது இல்லை.

அவர் மனைவி சூசை மேரி நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலைக்குப் போகிறவள். பதினாறு வருஷமாகத் தினக்கூலிதான். தோளில் ஒரு பை, அதில் டார்ச், மருந்து பாட்டில், சுவரில் தேதி எழுத மார்க்கர், நைலான் வலை, சணல் கயிறு. வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து புழு பார்க்க வேண்டும், தேங்காய் ஓட்டைக் கவிழ்க்க வேண்டும், மாடிக்கு ஏறி செப்டிக் டேங்க் குழாயின் வாயில் கொசு புகாமல் வலை கட்ட வேண்டும். வார்டில் அவளுக்குக் கொசு மேரி என்று பெயர். ஊரில் உள்ள கக்கூஸ் தொட்டி எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தவள், ஒரு வீட்டிலும் உள்ளே போய்விட்டு வரட்டுமா என்று கேட்க முடியாது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டம்மா தண்ணி வரவில்லை என்றாள். அப்போதுதான் அந்த வீட்டுத் தொட்டியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் இருப்பதை மேரி பார்த்துவிட்டு இறங்கியிருந்தாள். காலை ஏழு மணிக்குப் போனால் மத்தியானம் இரண்டு மணி வரை அடக்கி அடக்கி, கடைசியில் அடக்கவே முடியாத நோயாக வந்து நின்றது. விழுப்புரத்து டாக்டர், "இனிமே அடக்கவே கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

இவர்களுக்கு ஒரே மகள், மெர்லின். கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்குத் திண்டுக்கல்லில் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாக்குக் கொடுக்கும் சடங்கு, நடந்தபோது இருவரும் பஸ்ஸில் கிளம்பினார்கள். பெரம்பலூருக்கு முன்னால் மேரி கண்டக்டரிடம் இரண்டு தடவை கெஞ்சினாள். நிறுத்தவில்லை. அவள் சீட்டிலேயே புடவையை நனைத்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் தனியாக ஊர் திரும்பிவிட்டாள். அப்பாவையும் அம்மாவையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு பீடத்துக்கு நடக்க வேண்டிய பெண் அன்றைக்கு அப்பாவோடு மட்டும் நடந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று இருதயநாதன் பொய் சொன்னார். இப்போது மெர்லினுக்கு ஆயுளுக்குமான நித்திய வார்த்தைப்பாடு. இதற்குமேல் இன்னொன்று கிடையாது. இந்தத் தடவையும் அந்தப் பக்கத்து இடம் காலியாக இருக்கக் கூடாது என்றுதான் அவர் வேனை வாங்கினார்.

வண்டி முடிந்து, வெள்ளைப் பெயிண்டும் அடித்து, சோதனை ஓட்டமாக மேரியை விழுப்புரத்து டாக்டரிடம் கூட்டிப்போனார். அன்றைக்கு வியாழக்கிழமை. விழா அடுத்த வாரம் சனிக்கிழமை. போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் வண்டி நின்றதும் நாற்றம் கிளம்பியது. நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. அழுகின முட்டையைச் சாக்கடையில் கரைத்து முகத்தில் ஊற்றியது மாதிரி. மேரி கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

"நான் இதுல வர்ல யா. நீ மட்டும் போய்ட்டு வா. எப்பவும் போல காய்ச்சல்னு சொல்லிடு."

அந்த "எப்பவும் போல" இருதயநாதனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு தடவைதான் சொன்னோம் என்று வாதாடலாம். வாதாடவில்லை, முணுமுணுத்தார்.

மறுநாளே வேட்டையைத் தொடங்கினார். முதலில் பினாயில். ஒரு பாட்டில் பத்தாதென்று நாலு பாட்டில் ஊற்றினார். சாக்கடை நாற்றம் போகவில்லை, பினாயில் நாற்றமும் வந்து சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை கக்கூஸ் பீங்கானைக் கழற்றி, அடியில் இருந்த ரப்பரை மாற்றி, சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று அவருக்குத் தெரியாது, மனசெல்லாம் தொட்டியின் வெல்டிங்கில் இருந்தது. திங்கட்கிழமை அந்தத் தொட்டியையே கீழே இறக்கி, வெளிப்பக்கம் கழுவி, மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று அடித்துப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. வெல்டிங் சுத்தம். சுத்தமாக இருந்ததே அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு ஓட்டை கிடைத்திருந்தால் அதைத் திட்டிக்கொண்டே அடைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை கக்கூஸ் தடுப்புக்குள் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். நாற்றத்தை இழுத்து வெளியே தள்ளட்டும் என்று. அது போட்ட மாத்திரத்தில் நாற்றம் இரண்டு மடங்கு ஆனது. ஃபேனை நிறுத்தினால் குறைந்தது, போட்டால் ஏறியது. பத்துத் தடவை போட்டு நிறுத்திப் பார்த்துவிட்டு, பதினோராவது தடவை ஸ்விட்சையே பிடுங்கி எறிந்தார். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் தரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும் ஓட்டையின் சல்லடை மூடி, அந்த ஜாலி, குபுக் குபுக்கென்று கொப்பளித்தது. நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது பார் என்று அதையும் திட்டினார். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றிப் போனார்கள். ஒருவன், "மேஸ்திரி, இத்த டோல்கேட்ல காட்டுனா ஃப்ரீயா வுட்டுடுவான்" என்றான். இருதயநாதன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வைக்காமல் இருந்திருந்தால் எறிந்திருப்பார்.

இடையில் மெர்லின் போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்கு முன் வரிசையில இடம் சொல்லி வெச்சிருக்கேன். பக்கத்துலயே கதவு." மகளுக்குக் காய்ச்சல் கதை அன்றைக்கே பொய்யென்று தெரிந்திருக்கிறது. இருதயநாதன் சரிம்மா என்று சொல்லிவிட்டு வேனுக்குள் போய், படுக்கையில் உட்கார்ந்து, அந்த நாற்றத்திலேயே கொஞ்ச நேரம் அழுதார்.

வியாழக்கிழமை சாயங்காலம் தொட்டியைக் காலி பண்ண விருத்தாசலத்தை வரச் சொன்னார். செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர், இருபது வருஷமாக இதே வேலை. வால்வில் குழாயைச் செருகி, திறந்ததும் புஸ்ஸென்று ஒரு காற்று. விருத்தாசலம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாணா இது, சோடா பாட்டிலு மாரி பூட்டி வெச்சினு இருக்கிற? வூட்டு டேங்க்குல இப்டி வராது. காத்து மேல போவ வழி இருக்குதா?"

"கூரைக்கு மேல பைப்பு வுட்டுக்கிறேன்யா. கண்ணு தெரியல?"

"பைப்பு தெரியுது. அது உசுரோட இருக்குதான்னு கேக்கறேன்."

இருதயநாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புதிதாகப் பொருத்திய குழாய், எட்டு அடி நேர்க் குழாய், வளைவுகூட இல்லை. அதில் எதற்கு அடைப்பு வரும்? ஓட்டை போட்டவனுக்குத் தெரியாதா என்று முணுமுணுத்தபடியே விருத்தாசலத்தை அனுப்பி வைத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மத்தியானம் கிளம்பினால்தான் பொழுதோடு திண்டுக்கல் போய் மடத்தில் தங்க முடியும். மேரி பெட்டி எதுவும் கட்டவில்லை. ஷெட் முதலாளி வெள்ளிக்கிழமை வழக்கப்படி மெஷின்களுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தார். புகை ஒவ்வொரு வண்டியின் இடுக்கிலும் நுழைந்து, மறுபக்கத்தில் எங்கே வழி இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்ப்பதை இருதயநாதன் பார்த்தார். சட்டென்று எழுந்து முதலாளி கையிலிருந்த தூபக்காலை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

காலித் தொட்டியின் வால்வைத் திறந்து, அடியில் தூபக்காலை வைத்து, தகரத்தை வளைத்து மூடி, அட்டையால் விசிறினார். மேரி அப்போதுதான் அவருக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். அவளை வேனுக்குள் நிற்க வைத்துவிட்டு இவர் ஏணியில் ஏறினார். கூரைக் குழாயில் ஒரு இழை புகை இல்லை.

உள்ளேயிருந்து மேரி குரல் கொடுத்தாள். "யா, தரையிலேர்ந்து வருது. ஜாலி ஓட்டையிலேர்ந்து."

இருதயநாதன் குழாயின் தலையில் கை வைத்தார். முட்டை ஓடு மாதிரி வழவழவென்று வெள்ளையாக மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது, அடியில் பிரைமர், அதற்கும் அடியில் நைலான் வலை, கழுத்தில் சணல் கயிறு. மூன்று சுற்றுச் சுற்றி இரண்டு முடிச்சு. ஊரில் எந்த மாடியில் ஏறினாலும் இருக்கிற முடிச்சு.

வலையைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒன்பது நாள் எரிச்சலும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"யாரு கட்டுனது இத்த?"

மேரி பார்த்தாள். "நான்தான். நீ பெயிண்ட் வாங்கப் போனியே, அன்னிக்கு. கொசு பூந்துடும்ல."

"வண்டிக்குக் கூடவாடி வலை கட்டுவாங்க? ஒன்போது நாளு நாயா அலைஞ்சினு இருக்கேன். தொட்டிய எறக்கினேன், பீங்கான பேத்தேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நான் கட்டுனது வலை. காத்து போவும். அது மேல பாக்காம மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சி அடச்சது யாரு?"

மேரி விடவில்லை. அவளுக்கும் ஒன்பது நாள் இருந்தது.

"பதினாறு வருசமா ஊரான் வூட்டுப் பைப்புக்கெல்லாம் கட்டிக்கினு வரேன். ஒருத்தி உள்ள போம்மான்னு சொன்னதில்ல. எனுக்காகன்னு ஒரு மனுசன் வண்டியில கக்கூஸ் வெச்சிக்கிறான். அதுக்குக் கட்டாம வேற எதுக்குக் கட்டுவேன்? நல்லாருக்கட்டும்னுதான்யா கட்டுனேன்."

அவள் அழுதாள். ஷெட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்தது, இருவரும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேரி பையிலிருந்து புதிதாக ஒரு துண்டு வலை எடுத்து நீட்டினாள். இருதயநாதன் ஏணியைப் பிடித்துக்கொண்டார், அவளே ஏறிக் கட்டினாள். பிறகு நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினார்கள். ஜாலி கொப்பளிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மேரி வெயிலில் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து, "வூட்டுக்குப் போயி பொடவ எடுத்துக்கினு வரேன்" என்றாள்.

கிளம்ப ஒரு மணி ஆகிவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வழக்கம்போல வரிசை. இருதயநாதன் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். டீசல் வாசம்தான் வந்தது. விழுப்புரம் பைபாஸ் தாண்டியதும் பின்னால் தடுப்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டியை மெதுவாக்கினார். தண்ணீர் ஊற்றும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். மேரி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, தனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு கிளாஸ். பல வருஷமாகப் பயணத்தில் அவர் வாங்குவது ஒன்றுதான். வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் மேரி எச்சிலைக்கூட விழுங்க மாட்டாள்.

மேரி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"எனுக்கு எங்க?"

இருதயநாதனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கிளாஸை அவளிடம் கொடுத்தார். அவள் ஊதி ஊதி முழுதும் குடித்து முடித்தாள்.

"இன்னொன்னு சொல்லு யா. பெரிய கிளாஸ்ல."