கல்லில் நின்ற தண்ணீர்

எமில்டா, யாழ்ப்பாணத்துப் பாசையூர் மரியாம்பிள்ளையின் மூன்றாவது பெட்டை. அங்கே மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த இக்னேசியஸ் சம்மாட்டியாருக்குப் பெறாமகள் முறை. கனடாவுக்கு வந்து இருபத்தேழு வருசம், மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹொட்டேல் ஒன்றில் அறை துப்புரவாக்கினவ. அத்தனை வருசமும் கட்டிலின் மற்றப் பக்கம் நின்று விரிப்பை இழுத்துப் பிடித்தது மேய் என்ற சீனப் பெண். எமில்டா அவவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவா. கூடப்பிறந்த அக்காமார் இரண்டு பேரையும் ஷெல்லடியில் பறிகொடுத்தவவுக்கு அந்தச் சொல் சும்மா வாயில் வரவில்லை.

மேய் பீஜிங்கில், நாலு பக்கமும் அறையும் நடுவில் முற்றமுமாக இருந்த வீட்டில் பிறந்தவ. பதினொரு வயதில் குடும்பத்தோடு வெளிக்கிட்டவ, பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது அந்த வீடு ஒரு ஹொட்டேல். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் முதியோர் இல்லமொன்றில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் படுத்திருந்த மேய், எமில்டாவின் கையைப் பிடித்து, உடைந்த இங்கிலீசில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வடக்கு அறை வாசல் தூணில எங்கட நாலு பேரின்ர உயரத்தையும் அப்பா கத்தியால கீறி வைச்சவர். அது இருக்கோ எண்டு பாத்து வந்து சொல்லு."

அந்தச் சித்திரையில் மகள் ஜெனாட்டுக்கு வேலை அலுவலாகப் பீஜிங் போக வேண்டி வந்தது. எமில்டாவும் கூடவே வெளிக்கிட்டா.

"ஊருக்கு வாங்கோ எண்டால் முழங்கால் நோகுது எண்டுறியள். சீனாவுக்கு மட்டும் நோகாதோ?"

"உது வேற நோ, பிள்ளை. நீ ரிக்கற்றைப் போடு."

மேய் பிறந்த அந்த வீட்டிலேயே, வடக்கு அறையை எடுத்துத் தங்கினார்கள். சாம்பல் ஓடு, சிவப்புத் தூண்கள், முற்றத்தில் ஒரு மாதுளை. "எவ்வளவு பழசு! சோ பியூட்டிஃபுல், அம்மா," என்று ஜெனாட் படம் எடுத்தாள். அறை துப்புரவாக்கிற ஆக்கள் கண்ணை நம்புகிறதில்லை, விரலைத்தான் நம்புவினம். எமில்டா வடக்கு அறைத் தூணைக் கீழிருந்து மேலே தடவினா. வழவழவென்று இருந்தது. கதவு இடுக்கிலும் யன்னலின் அடியிலும் விரலை விட்டுப் பார்த்தா. அத்தனை வருசத்து அழுக்கு எங்கே போகும்? எவ்வளவு உரஞ்சினாலும் பொருத்துக்குள் கறுப்பாக ஒரு கோடு மிஞ்சும். இங்கே அது இல்லை. எல்லாம் பழசு மாதிரிச் செய்த புதுசு.

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டா.

"இருக்குது எண்டு சொல்லுங்கோவன், அம்மா. அவவுக்கு என்ன தெரியப்போகுது?"

"கழுவாத அறைக்கு நான் ஒருநாளும் கையெழுத்து வைச்சதில்லை. அது மேய் அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில நிண்டவ அவதானே."

தங்கின மூன்று நாளும் ஒரே யோசனைதான். போய் என்ன சொல்லுறது?

புறப்படுகிற அன்று காலை, அறை துடைக்க வந்த பெட்டையிடம் சைகையால் வாளியும் துணியும் வாங்கினா. அக்கா பிறந்த வாசலைக் கழுவாமல் போக மனம் வரவில்லை.

"ஐயோ அம்மா, நீங்கள் இஞ்ச கெஸ்ட்! எனக்கு வெக்கமாக் கிடக்குது."

"வெக்கமெண்டால் அங்கால திரும்பி நில்."

வடக்கு அறைப் படிக்கல்லில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தா. எல்லாம் வடிந்தது, இடது மூலையில் மட்டும் தண்ணீர் போகாமல் நின்றது. தேய்ந்து போன குழி. விரலை வைத்தா. கல்லின் பொருத்துக்குள் அந்தக் கறுப்புக் கோடு.

ரொறன்ரோவில் இறங்கினதும் பெட்டிகளை ஜெனாட்டிடம் விட்டுவிட்டு நேரே மார்க்கத்துக்குப் போனா. மேய் இன்னும் சுருங்கிப் போயிருந்தா. இரண்டு பேருக்கும் பொதுவான அந்த உடைந்த இங்கிலீசில் எமில்டா சொன்னா:

"தூண் புதுசு, அக்கா. கீறு இல்லை."

மேய் கண்ணை மூடினா. ஆனாலும் எமில்டா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தா.

"படிக்கல்லு மட்டும் பழசு. நான் கழுவினனான்."

கண் திறக்காமலே மேய் கேட்டா:

"தண்ணி நிண்டதோ?"

"ஓம். இடது மூலையில."

"தம்பி அதுக்குள்ள பூசணி விதைத் தோலை வள்ளமா மிதக்க விடுவான்."

சொல்லிக்கொண்டே போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைக் குழித்துக் காட்டினா. எமில்டா அதற்குள் தன் விரலை வைத்துப் பார்த்தா. படிக்கல்லுக் குழியின் அளவு சரியாக இருந்தது.