பேலம் குகையில் நான் போட்ட தாளம்

போன ஜனவரியில், கச்சேரி சீசன் முடிந்து மயிலாப்பூர் மூச்சு விட்ட வாரத்தில், ஆந்திராவின் பேலம் குகைகளுக்குப் போய்வந்தோம். ஆசை என் மனைவி விஜயாவுடையது. பாட்டு டீச்சர், வருஷத்துக்கு ஒரு மத்தியானக் கச்சேரி கிடைக்கும். தட்டினால் ஸ்வரம் பேசும் பாறைகள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து, மைக்செட்காரர் தயவில்லாமல் அங்கே ஒரு பாட்டாவது பாடி, தன் குரலைத் தானே கேட்டுவிட வேண்டும் என்பாள்.

அவள் கச்சேரியில் எனக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "கடைசி வரிசைல உக்காந்து சவுண்ட் எப்படி இருக்குன்னு பாருங்கோ" என்று அனுப்பிவிடுவாள். இதை ஆழ்வார்பேட்டை காபிக்கடை வரை பீற்றியிருக்கிறேன்.

சென்ட்ரலில் இரவு ரயில், காலையில் தாடிபத்ரி. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். டாக்ஸி போக வர ஆயிரத்தைந்நூறு. ஓட்டுநர் சீனு முன்பு சென்னை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை பார்த்துத் தமிழ் பிடித்தவர். "உள்ள செம வெக்கையா கீது சார், தண்ணி எட்துக்கோ" என்று கூடவே இறங்கிவந்தார்.

உள்ளே தண்ணீர் குடைந்த மண்டபங்கள், உருகிய மெழுகுபோல் தொங்கும் கல். ஒரு சந்தில் என் தொப்பைக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது.

ஸ்வரப் பாறை வந்ததும் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு, விஜயா கண்ணை மூடி ஒரு தெலுங்குக் கீர்த்தனையை எடுத்தாள். குரல் கூரையைத் தொட்டு இன்னும் பெரிதாகத் திரும்பிவந்தது. வந்திருந்தவர்கள் செல்போனைத் தாழ்த்திவிட்டுக் கேட்டார்கள். பூரிப்பில் என் கை தானாகத் தொடைக்குப் போயிற்று. பட், பட்.

சபாவில் இதை மின்விசிறிச் சத்தம் விழுங்கிவிடும். குகை விழுங்கவில்லை, ஒவ்வோர் அடியையும் சுற்றிச் சுற்றி எறிந்தது. அப்போதுதான் எனக்கே கேட்டது, ஒன்றுகூடப் பாட்டோடு ஒட்டவில்லை. விஜயா தடுமாறினாள், மறுபடி பிடித்தாள், நிறுத்திவிட்டாள். பின்னால் அடுத்த கூட்டம் வரவே, வழிகாட்டி நகரச் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது சீனு கேட்டார்: "அம்மா சோக்கா பாடிக்கினு இருந்தாங்க. இன்னாத்துக்கு சார் கை தட்டி நிறுத்தினீங்க?"

அது தாளம் என்று சொல்லிக்கொள்ளாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். விஜயாதான் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அவரை ஒண்ணும் சொல்லாதீங்கோ. உள்ள கடைசி வரிசை கிடையாதே."

இத்தனை வருஷம் நான் சவுண்ட் பார்த்த லட்சணம் அப்போதுதான் புரிந்தது.

போகிறவர்களுக்கு: பருத்தி உடை, வழுக்காத செருப்பு, தண்ணீர். மூச்சுத் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். கூட வருபவர் பாடுவாரென்றால் இரண்டு கையிலும் பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரிக்கும் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாள் விஜயா. அவள் குகைக்குள், நான் மேலே, சீனுவின் வண்டியில், பின் சீட்டில்.