அடுத்தவன் பெயரில் வேலை கேட்கப் போனேன்

எங்கள் தோட்டத்துப் புகைவீட்டை இழுத்துப் பூட்டியபோது என் மனைவி செல்லம்மாவுக்கு ஆறாம் மாதம். 1921ஆம் வருஷம், தை பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ரப்பர் விலை படுபாதாளத்துக்குப் போய்விட்டது. மரத்தில் பால் வெட்டாமல் சும்மா விடுவதே மேல் என்று துரை முடிவு கட்டிவிட்டார். பால் வெட்டுகிறவர்களிலேயே பாதிப் பேருக்கு வேலை இல்லை. பாலே வராத தோட்டத்தில் புகை போடுகிறவனுக்கு என்ன வேலை இருக்கும்?

என் பெயர் வேலாயுதம். மலாயாவில் செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒன்பது வருஷம் புகைவீட்டில் தீ பார்த்தவன். தோட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, ஒரு பெரிய மரக்கொட்டகைக்குள் துணி காயப்போடுவது போல வரிசையாகத் தொங்கவிடுவோம். கீழே தீ இருக்கும். அந்தத் தீ எரியக் கூடாது, புகையத்தான் வேண்டும். சூடு கூடினால் ஷீட்டில் கொப்புளம் வரும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். ஈர விறகை நெருக்கி அடுக்கி, மேலே சாம்பலைப் போட்டு அமுக்கி, பத்து நாள் அணையாமல் புகைய வைக்க எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

வேலை போன பத்தாம் நாள் கிராணி ஐயா, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு வந்தார். தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வேலை இல்லாதவர்களை மாசிக் கடைசியில் பினாங்கிலிருந்து கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பப் போகிறார்கள், உன் பேரும் உன் பெண்சாதி பேரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்றார். வெளியில் வேலை கிடைத்தவன் அதற்குக் கடிதம் கொண்டுவந்து காட்டினால் பெயரை அடித்துவிடுவார்களாம்.

மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்குத் தலையில் இடி விழுந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது மூன்று பேராகக் கப்பல் ஏறினோம். எங்கள் மூத்த பெண்ணுக்கு ஒன்றரை வயது. நாலாம் நாள் காய்ச்சல் கண்டது, ஆறாம் நாள் போய்விட்டாள். அவளைக் கடலில்தான் விட்டோம். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் செல்லம்மா வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இப்போதுதான் தங்கியிருந்தது.

செல்லம்மாவிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அந்தத் தண்ணி மேல இன்னொரு தடவ நான் ஏற மாட்டேங்க. நீங்க போறதுன்னா போங்க. நான் இங்கயே கெடக்கிறேன்" என்றாள்.

கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது.

செமோரில் அலைந்தேன், ஈப்போவில் அலைந்தேன். ஈயச் சுரங்கம், மரவாடி, ரயில் பாதை என்று போய் நிற்காத இடம் இல்லை. போன இடமெல்லாம் எனக்கு முன்னால் ஐம்பது பேர் நின்றார்கள். மாசி பிறந்துவிட்டது.

அப்போதுதான் மச்சான் காளியப்பன் ஒரு சேதியோடு வந்தார். செல்லம்மாவின் அண்ணன். ஈப்போவில் ஒரு துரை வீட்டுச் சமையலறையில் வேலை. தைப்பிங்குக்கு மேலே உள்ள மலையில் ஓர் ஓய்வு பங்களா இருக்கிறதாம். பங்குனியிலிருந்து ஆடி வரை வெயிலுக்குத் தப்பி வெள்ளைக்காரர்கள் அங்கே போய்த் தங்குவார்களாம். அந்த மாதங்களுக்கு மட்டும் கூடுதலாக ஆள் எடுப்பார்கள். வெந்நீர் தூக்க வேண்டும், அறை அறையாகக் கணப்பில் தீ மூட்ட வேண்டும்.

"தீ போடுறத ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கணும் மாப்ளே? ஒரே ஒரு சங்கடம்தான். முன்ன பங்களாவுல வேல பாத்ததா லெட்டர் இருக்கணும்" என்றார்.

"அதுக்கு நான் எங்க போவேன் மச்சான்?"

"நான் கொண்டாந்திருக்கேன்."

மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். அவரோடு வேலை பார்த்த முத்துசாமி என்பவருக்கு ஒரு துரை கொடுத்த நற்சான்றுக் கடிதம். முத்துசாமி ஊருக்குப் போய்விட்டார், கடிதம் இங்கே தங்கிவிட்டது. "மலைக்குப் போற வரைக்கும் ஒங்க பேரு முத்துசாமி. மறந்துடாதீங்க" என்றார் மச்சான்.

பத்து நாள் பயிற்சி நடந்தது. தட்டு ஏந்திப் பழக, ஒரு பலகையில் தண்ணீர்ச் செம்பை வைத்து, சிந்தாமல் லயத்து நீளத்துக்கும் நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலை இல்லாத கவலையை மறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதைவிடச் சிரமம், கூப்பிட்டால் பக்கத்தில் போவது. தோட்டத்தில் துரை எதிரே வந்தால் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கி நிற்போம். அது உடம்பில் ஊறிப்போன பழக்கம். மச்சான் துரையாக நடித்து எதிரே வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் சாக்கடை ஓரத்துக்கு ஓடினேன். "வேல கேக்கப் போறீங்களா, ஒளிஞ்சி வெளாடப் போறீங்களா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பெயருக்குப் பயிற்சி கொடுத்தது செல்லம்மா. எங்களில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆனால் முத்துசாமி அவள் புருஷன் பெயர் இல்லையே. கிணற்றடியிலிருந்து கூப்பிடுவாள், அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள்.

"முத்துசாமி, வெறகு வந்துச்சா?"

நான் பாட்டுக்கு இருப்பேன்.

"திரும்பலியே. வேல போச்சு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பட்டியல் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்புக்காகவே எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எனக்கு இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சாட்சிக்கே அர்த்தமில்லை. "அம்மா, இந்தப் பொய் தடுமாறாமல் பார்த்துக்கொள். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது" என்றுதான் வேண்டினேன். கற்பூரம் ஏற்றி, கை கூப்பி, பொய்க்குத் துணை கேட்டேன். அது தப்பாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கஷ்டம் அவளுக்குத் தெரியாதா என்ன?

தைப்பிங் வரைக்கும் ரயிலில் போனேன். அதற்கு மேல் கால்நடைதான். காட்டுப் பாதையில் ஏற ஏற மழை. பாதி மலையில் மேகத்துக்குள்ளேயே நடந்தேன். எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. அப்படி ஒரு குளிர் இந்த நாட்டில் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். மச்சான் இரவல் கொடுத்த வெள்ளைக் கோட்டை மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குள் போனபோது மத்தியானம் ஆகியிருந்தது.

பங்களாவை நடத்துவது ஒரு வெள்ளைக்கார அம்மா. வேலைக்காரர்களோடு கடைத்தெரு மலாயில்தான் பேசுவார். அது எனக்கும் தெரியும். கடிதத்தைப் படித்தார், நாலு கேள்வி கேட்டார். மனப்பாடம் செய்தபடி சொன்னேன். தட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், சிந்தாமல் கொண்டுபோனேன். பக்கத்தில் கூப்பிட்டார், ஓடாமல் போனேன். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கடைசியாக, பெரிய அறையில் சுவரோடு கட்டியிருந்த கணப்பைக் காட்டி, "பாசாங் ஆப்பி" என்றார். தீ மூட்டு என்று அர்த்தம்.

அப்பாடா என்று இருந்தது. இனிமேல் நம் ராஜ்யம் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடையில் விறகு ஈரமாக இருந்தது. என் மூளை சும்மா இருந்தது, கைதான் வேலை செய்தது. பெரிய கட்டைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கினேன். அடியில் கொஞ்சம் கனல் பிடிக்க வைத்தேன். மேலே சாம்பலை அள்ளிப் போட்டு அமுக்கினேன். ஒன்பது வருஷமாகச் செய்த வேலை அல்லவா? புகை அழகாகக் கிளம்பியது. பத்து நாளைக்குத் தாங்கும் என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புகை புகைபோக்கி வழியாக மேலே போகவில்லை, அறைக்குள் வந்தது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கிழத்துரை ஒருவர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். அந்த அம்மா ஜன்னலை எல்லாம் திறந்தார். முத்துசாமி, முத்துசாமி என்று யாரையோ கூப்பிடுகிறார். யாராவது போய் என்னவென்று கேட்கக்கூடாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் தடவை என் தோளைத் தொட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தக் கடிதம் உன்னுடையதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. இருமி முடித்தபோது பொய் சொல்லத் தெம்பு இல்லை. என் பெயர் முத்துசாமி இல்லை, வேலாயுதம், எனக்குப் புகை போட மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து வாசலைக் காட்டினார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கவும் வழியில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். செல்லம்மாவிடம் என்ன சொல்வேன்? பெற்ற தாயைத் திட்டுவது போல அம்மனைத் திட்டினேன். உன்னை நம்பித்தானே வந்தேன், ஒரு சின்னப் பொய்யைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையா என்று கேட்டேன். திட்டி ஓய்ந்த பிறகு கேட்பதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. "எனக்கு ஒன்றும் தெரியவில்லை அம்மா. இனி உன் பாடு" என்றேன். உண்மையாகவே நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மழை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா பின்பக்கம் வந்தார். கோபம் தணிந்திருந்தது. இப்படித் தீ மூட்ட எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். மறைக்க ஒன்றுமில்லாததால் புகைவீட்டைப் பற்றி எல்லாம் சொன்னேன். சூடு கூடினால் இப்படி, குறைந்தால் பூசணம் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது என்னை நிறுத்தினார். எழுந்து வா என்றார்.

ஓர் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே அலமாரி அலமாரியாகக் கம்பளிகளும் விரிப்புகளும். ஈர நாற்றம் மூக்கைத் துளைத்தது. எல்லாவற்றிலும் கறுப்புப் புள்ளி. மலையில் வெயில் என்பதே இல்லை. துவைத்த துணி வாரக்கணக்கில் காய்வதில்லை. படுக்கை ஈரம் தாங்காமல் போன வருஷம் வந்தவர்கள் பாதியில் இறங்கிப் போய்விட்டார்களாம். இதைக் காய வைப்பாயா, ஆனால் புகை கொஞ்சமும் படக்கூடாது என்றார்.

புகை இல்லாமல் சூடு மட்டும் வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பிறகு இரண்டு நாள் தவணை கேட்டேன். சுவருக்கு வெளியே குழி வெட்டித் தீயை அங்கே வைத்தேன். மண்ணெண்ணெய் டின்களை அடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய் போலச் செருகி, இடுக்கை எல்லாம் களிமண்ணால் பூசி, அறையின் தரை ஓரமாக ஓட்டி அந்தப் பக்கம் வெளியே விட்டேன். புகை டின்னுக்குள்ளேயே போனது, சூடு அறையில் நின்றது. தீ மட்டும் அதே தீதான், எரியாமல் கனன்றது. மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மா ஒரு கம்பளியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மேசையில் உட்கார்ந்து, என் பெயரைக் கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுதினார்.

தோட்டத்துக்குத் திரும்பி நேராகக் கிராணி ஐயாவிடம் போனேன். கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "வேலாயுதம் எண்டு தெளிவா எழுதிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துப் பட்டியலில் எங்கள் இரண்டு பெயரையும் அடித்தார். முத்துசாமியின் கடிதத்தை மச்சானிடமே கொடுத்து அடுப்பில் போடச் சொன்னேன். நல்ல கடிதத்தை வீணாக்கச் சொல்கிறானே என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை அவர்.

ஏழு வருஷமாக மலைக்குப் போய் வருகிறேன். பொய்யை விட்டேன். கள்ளையும் விட்டேன் என்று சொன்னால் அதுவே பொய், குறைத்திருக்கிறேன். எங்கள் மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மனுக்கு நன்றி சொல்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மாசிக் கடைசியில் போன அந்தக் கப்பலில் எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் போனது. அவர்களும் அதே அம்மன் முன்னால் நின்று அழுதவர்கள்தான். எனக்கு ஏன் கிடைத்தது, அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. எனக்கு நடந்ததைத்தான் நான் சொல்ல முடியும். பொய் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அவள் அதை என் கண்ணெதிரே உடைத்து, என் சொந்தப் பெயருக்கு வேலை கொடுத்தாள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கஷ்டம் வந்தால் அவளிடம் போங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். தப்பாகக் கேட்டவனையே அவள் கைவிடவில்லை.

பெயர் அடிபட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். செல்லம்மா பெட்டியைத் திறந்து ஒரு பழைய சேலையை எடுத்து, கூரைச் சட்டத்தில் போட்டுத் தூளி கட்ட ஆரம்பித்தாள். மூத்தவள் போன பிறகு எங்கள் வீட்டில் தூளி கட்டியதே இல்லை.

"இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கே செல்லம்மா. இப்பவே எதுக்கு?" என்றேன்.

"இருக்கட்டுங்க. இங்கதானே பொறக்கப் போவுது" என்றாள்.

முடிச்சை இரண்டு கையாலும் இழுத்து, தன் பாரம் முழுவதையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தாள். தாங்கியது.