கடைசியாகப் பூட்டியது யார்

இம்மாகுலேற் ஓர் இடத்தைத் துப்புரவாக்கிவிட்டுப் போனால், அதற்குப் பிறகு அங்கே குறை கண்டுபிடிக்க வருபவர் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருக்கும். மன்னார்க்காரி. வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. கிழமை முழுக்கப் பிள்ளைகளின் எச்சில் தட்டுகளோடு மல்லுக்கட்டிய கைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு கொடுக்கலாம். கொடுக்க மாட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை தமிழ்ப் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்துச் சமையலறைக்குள் புகுந்துவிடுவாள். மற்றவர்கள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப வாறம் இம்மாகுலேற்" என்று நைசாக நழுவிவிடுவார்கள். அவர்கள் நழுவுவது அவளுக்கும் பிடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து கழுவினால் அவளுக்குத் திருப்தி வராது.

எல்லாம் முடிந்ததும் குழாயை இறுக மூடுவாள். மஞ்சள் துணியொன்றைப் பிழிந்து குழாயின் கழுத்தில் போடுவாள். துணி தொங்கினால் குழாய் மூடியாயிற்று என்று அர்த்தம். பிறகுதான் அடுப்பு, யன்னல், விளக்கு, கடைசியில் கதவு.

அந்தத் துணி சும்மா வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன்பு இந்த ஆங்கிலக் கோயிலின் மண்டபத்தை முதல் முதலாகத் தமிழர்களுக்குக் கொடுத்தபோது மடு மாதா திருநாள் வந்தது. சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லோரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நன்றிக்கடனாக மண்டபத்தை நம் முறைப்படி கழுவினார்கள். நம் முறை என்றால் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்துத் தள்ளுவது. தண்ணீர் வெளியே போகும் ஓட்டையைத் தேடியபோதுதான், அப்படியொரு ஓட்டையே அந்த மண்டபத்தில் இல்லை என்பது தெரிந்தது. கீழே இருந்தது மரத்தரை. மறுநாள் பலகைகள் பொருமிக்கொண்டு எழுந்தன. பங்குச்சபைத் தலைவர் ஜெறால்ட் அன்றைக்குக் கோபப்படாமல் சிரித்தார். ஆனால் அதன்பின் அந்தச் சபையில் 'தமிழர்களும் தண்ணீரும்' என்று யாராவது தொடங்கினாலே மற்றவர்கள் புன்னகைக்கப் பழகிவிட்டார்கள். அந்தப் புன்னகைக்காகத்தான் இம்மாகுலேற் முழங்காலில் நின்று துணியால் தரை துடைக்கவும், குழாயில் துணி போடவும் பழகினாள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, மண்டபம் மறுபடியும் தண்ணீரில் கிடந்தது.

பெர்னடெற் அக்காதான் போன் எடுத்தார். தமிழ்ச் சமூகத்தின் செயலாளர் அவர். குருநகர்க்காரர், பேச்சில் ஒரு டீச்சர் தோரணை.

"ஜெறால்ட் ஈமெயில் போட்டிருக்கிறார். சமையலறைக் குழாய் திறந்தபடி கிடந்ததாம். சிங்க் நிரம்பி வழிஞ்சு, மண்டபத்துப் பலகை எல்லாம் போச்சாம். ஞாயிறு நீர்தானே கடைசியாப் பூட்டினது?"

"ஓம் அக்கா, நான்தான். குழாயை மூடிப்போட்டுத்தான் வந்தனான். திங்கள் காலமை எங்கட பெரிய சமையல் கிடாரத்தை எடுக்கப் போகேக்கயும் தரை காஞ்சுதான் கிடந்தது."

"அப்ப ஆர் திறந்தது? ஆவியே?"

இம்மாகுலேற் வாயைத் திறந்தாள். ஒரு பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியேல்ல அக்கா" என்றாள்.

தெரியும். திங்கள் காலை அவள் கதவைத் திறந்து உள்ளே போனபோது மொறீன் அங்கே நின்றார். பீடத்துப் பூச்சாடிகளைச் சிங்க்கில் கழுவிக்கொண்டிருந்தார். இந்தக் கோயிலில் பூ வைப்பதும், தன்னிடம் இருக்கும் சாவியால் மண்டபத்தைத் திறந்து கொடுப்பதும் எத்தனையோ வருடங்களாக மொறீனின் வேலை. இம்மாகுலேற்றின் மகள் ஜெனோஜா பிறக்கப் போன இரவில், கணவர் வேலையில் நின்றபோது, இரவு உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு காரை ஓட்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் மொறீன்தான். அப்படிப்பட்ட மொறீன் திங்கள் காலை அவளைத் திரும்பிப் பார்த்து, வேறு யாரோ என்று நினைத்து, "தெரேசா, டொம் வந்துவிட்டாரா?" என்று கேட்டார். டொம் அவருடைய கணவர். அவரை அடக்கம் செய்த அன்று சான்ட்விச் வெட்டிக் கொடுத்தது இம்மாகுலேற்.

அவரைக் கதிரையில் இருத்தி விசாரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் வேலைக்கு நேரமாகியிருந்தது. கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஒரு நிமிடம் நின்றிருந்தால், அந்தக் குழாயை ஒரு தடவை பார்த்திருந்தால் என்று செவ்வாயும் புதனும் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழன் மாலை சபை கூடியது. ஈரம் உலராத மண்டபத்தில், பலகை பொருமாத ஒரு மூலையில், வட்டமாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். தமிழர் பக்கத்தில் பெர்னடெற் அக்காவும் இம்மாகுலேற்றும் மட்டும். எதிரே ஜெறால்டும் சபையினரும். நடுவில், எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி, கம்பளிச் சட்டையைத் தப்பான பொத்தானில் பூட்டிக்கொண்டு மொறீன்.

ஜெறால்ட் கெட்டவர் அல்ல. அதுதான் சிக்கல். கெட்டவர் என்றால் எதிர்த்துப் பேசிவிடலாம். அவரோ மிக மெதுவாக, மிக வருத்தத்தோடு பேசினார். "யாரையும் குற்றம் சொல்வதற்காக நாம் இங்கே கூடவில்லை. ஆனால் இது முதல் தடவையும் அல்ல" என்றார். ஓரிருவர் தலையைக் குனிந்து புன்னகைத்தார்கள். இம்மாகுலேற்றுக்கு அந்தப் புன்னகையைப் பார்த்ததும் உடம்பு கொதித்தது.

"ஞாயிறு மாலைக்கும் செவ்வாய் காலைக்கும் இடையில் வேறு யாராவது உள்ளே வந்தீர்களா?" என்று ஜெறால்ட் கேட்டார்.

இம்மாகுலேற் மொறீனையே பார்த்தாள். சொல்லுங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"நான் திங்களில் வருவதேயில்லை. வெள்ளிக்கிழமைதான் பூச்சாடி கழுவுவேன்" என்றார் மொறீன்.

அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். இல்லை. கண்ணில் மட்டும் ஒரு சின்னப் பயம் வந்து போனது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடுகிறவரின் பயம்.

ஜெறால்ட் தொண்டையைச் செருமினார். "அப்படியானால், திருத்த வேலை முடியும் வரைக்கும், அதற்குப் பிறகும் மறு அறிவித்தல் வரைக்கும், தமிழ்ச் சமூகத்துக்கு மண்டபத்தைக் கொடுப்பதை நிறுத்தலாம் என்று முன்மொழிகிறேன்."

பெர்னடெற் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அடுத்த கிழமை வெள்ளியிலிருந்து பசாம். இயேசுவின் பாடுகளை ஒப்பாரியாக இழுத்துப் பாடி அழுவதற்கென்று எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் பஸ் மாறி வரும். ஊரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு இங்கே அடுக்குமாடிச் சுவர்களுக்குள் சத்தமில்லாமல் இருக்கிற தாய்மாருக்கு, வாய்விட்டு அழக் கிடைத்த ஒரே இடம் இது. வீட்டில் அழுதால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார்.

பேச வேண்டும். பேசினால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். மொறீனின் சாவி போகும். பூவும் போகும். லீட்சில் இருக்கிற மகள் வந்து, வீட்டை விற்று, அவரை ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் விடுவாள். அதுகூடப் பரவாயில்லை, முதலில் தன்னை யார் நம்புவார்கள்? ஐம்பது வருடமாகப் பூ வைக்கிற கிழவியா, வாளியால் தண்ணீர் ஊற்றுகிற கூட்டமா? தன் குற்றத்தை ஒரு பாவப்பட்ட மனுசியின் தலையில் கட்டுகிறாள் என்றுதான் சொல்வார்கள். பேசாவிட்டாலோ பசாம் போகும்.

எழுந்தாள்.

"திங்கள் காலை நான் வந்தேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

எல்லோரும் திரும்பினார்கள். பெர்னடெற் அக்கா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். மொறீன் மட்டும் முகம் மலர, பயப்படாமல் பேசு என்பதுபோலத் தலையை ஆட்டினார். மகப்பேற்று விடுதி வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டிய அதே தலை. அடுத்து சொல்ல இருந்த மொறீனின் பெயரை இம்மாகுலேற் விட்டுவிட்டாள்.

"வந்து, எங்கள் பெரிய பாத்திரத்தைக் கழுவினேன். குழாயை மூட மறந்துவிட்டேன். தமிழ் ஆட்கள் இல்லை. நான். நான் ஒருத்தி மட்டும்."

ஜெறால்டின் முகம் இளகியது. உண்மையாகவே இளகியது. "இதைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். நன்றி" என்றார். "உங்கள் ஆட்கள் நேர்மையானவர்கள் என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்."

இம்மாகுலேற்றுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான் ஒருத்தி என்று இப்போதுதானே சொன்னாள்! குற்றத்தைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ளவும் அவளுக்கு வழியில்லை, நேர்மையைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ளவும் வழியில்லை.

முடிவு நல்லபடியாகவே வந்தது. தவக்காலத்துக்கு மண்டபம் உண்டு. ஆனால் தமிழர்களிடம் இருக்கும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இனிமேல் மொறீன் வந்து திறந்து விடுவார். கூட்டம் முடிந்ததும் குழாய்களைச் சரிபார்த்துப் பூட்டுவதும் மொறீன்தான்.

"சந்தோஷமாகச் செய்கிறேன்" என்றார் மொறீன்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கார் கதவைத் திறந்தபடி பெர்னடெற் அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் போனில என்ன சொன்னனீர்? தரை காஞ்சு கிடந்தது எண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீர். அதை நம்பி நானும் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இப்ப ஆற்ற முகத்தில முழிக்கிறது?"

"அக்கா..."

"மன்னார் ஆக்களிட்டப் பொறுப்பைக் குடுக்காதேங்கோ எண்டு அப்பவே சனம் சொன்னது. நான்தான் கேக்கேல்ல."

கதவு அறைந்து மூடியது. இம்மாகுலேற் மழையில் நின்றாள். உள்ளே வெள்ளைக்காரர் செய்தபோது இவ்வளவு வலிக்கவில்லை. அவர்களுக்கு அவளைத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். ஒவ்வொரு பூசைக்கும் அக்காவின் கோப்பையையும் சேர்த்துக் கழுவியவள் அவள். கையில் பார்த்தால் சாவி இன்னும் இருந்தது. கொடுக்க மறந்துவிட்டாள்.

ஜெறால்ட் தன் கார் பக்கத்தில் நின்று சபையினர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, கைப்பையை எடுக்க உள்ளே ஓடினாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

மொறீன் தேநீர்க் கேத்தலை நிரப்பி அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, யன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் திறந்தபடியே கிடந்தது. இம்மாகுலேற் போய் அதை இறுக மூடினாள். பழக்கதோஷம், மஞ்சள் துணியைப் பிழிந்து குழாயின் கழுத்தில் போட்டாள்.

மொறீன் திரும்பினார். துணியைப் பார்த்தார்.

"அந்தத் துணி" என்றார் மெதுவாக. "அது அங்கே தொங்கியது. நான் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் குழாயைத் திறந்தேன். பூச்சாடி கழுவ." கை வாய்க்குப் போனது. "இம்மாகுலேற், நான்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒருநாளைக்கு ஒரு பொய் போதும் என்று அவளுக்குப் பட்டது.

"ஓம்" என்றாள். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது தமிழில் வந்துவிட்டது. மொறீனுக்கு விளங்கியது.

"பிறகு ஏன் நீ என்று சொன்னாய்?"

அதை விளக்க அவளிடம் ஆங்கிலம் போதவில்லை. தமிழிலும் போதாது. ஆனால் மொறீன் விடைக்காகக் காத்திருக்கவில்லை. கோட்டைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். "ஜெறால்ட்! நில்லுங்கள்!"

இம்மாகுலேற்றும் பின்னால் ஓடினாள். கார் வாசலைத் தாண்டுவதற்குள் மொறீன் அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். யன்னல் இறங்கியது.

"நான்தான் திறந்தேன். திங்கள். இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் இல்லை, நான்."

ஜெறால்ட் அவரைப் பார்த்தார். பின்னால் நனைந்துகொண்டு நின்ற இம்மாகுலேற்றைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அன்போடு மொறீனின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உங்களுக்கு எப்போதும் நல்ல மனசு, மொறீன். ஆனால் அவர்களுக்காக நீங்கள் பழியை ஏற்க வேண்டியதில்லை. அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்களே."

யன்னல் ஏறியது. காரின் சிவப்பு வெளிச்சம் திருப்பத்தில் மறைந்தது.

மொறீன் நடுத்தெருவில் நின்று நடுங்கினார். இம்மாகுலேற் தன் சால்வையை எடுத்து அவருடைய தோளில் போட்டாள். மொறீன் கம்பளிச் சட்டைப் பையைத் துழாவி, தன் சாவிக்கொத்தை எடுத்தார். ஒரு கணம் அதைப் பிடித்தபடி நின்றார். பிறகு இம்மாகுலேற்றின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

"இனி நீ பூட்டு" என்றார். "நான் பூட்டியதாகச் சொல்லிக்கொள்வோம்."

இருவரும் உள்ளே போய்க் குழாயை இன்னொரு தடவை பார்த்தார்கள்.