சாயப்பட்டறை மனையும் அம்மாவின் கைராசியும்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தொட்ட காரியத்தைப் பாதியில் விடமாட்டார். முழுசாகக் கெட்ட பிறகுதான் விடுவார். நூல் வியாபாரம், ஐஸ் கம்பெனி, பழைய லாரி என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் அம்மாபேட்டை ஓரத்தில் மூடிக் கிடந்த சாயப்பட்டறை இடத்தை வாங்கினார். மனை போட்டு விற்கப் போகிறாராம். மூலை மனை அக்காவுக்குச் சீர் என்றார். வாடகை வீட்டில் தறிக்கும் அடுப்புக்கும் நடுவே எங்களைப் படுக்கவைத்துப் பழகியிருந்த அம்மா, அன்றைக்குச் சந்தோஷத்தில் சாப்பிடவே இல்லை.

எனக்கும் என் சேக்காளிகளுக்கும் அந்த இடம் சொர்க்கம். ஓரிடத்தில் மண் குங்குமமாக இருக்கும், கொஞ்சம் தள்ளினால் நீலம். உள்ளங்காலைச் சிவப்பாக்கிக்கொண்டு கல்யாணப் பெண் விளையாட்டு ஆடுவோம். கால் அரிக்கும். சொறிந்துகொண்டே தாலி கட்டிக்கொள்வோம்.

நீல மண்ணைப் பார்த்தால் மனை வாங்க வருகிறவன் ஓடிவிடுவான் என்று மாமாவுக்குத் தெரியும். ஏரி வண்டலை லாரியில் கொண்டுவந்து மேலே பரப்பிவிட்டார். அங்கிருந்த கிணற்றுக்கு ஒரு பரீட்சை வைத்தார். வெள்ளை நூல் சிட்டம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நாலு பேர் பார்க்கக் கிணற்றில் ஊறவைத்து எடுத்துப் பிழிந்தார். சிட்டம் வெள்ளையாகவே இருந்தது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் நெசவுக்காரர்கள். கெட்ட தண்ணீர் என்றால் நூலில் நிறம் ஏற வேண்டும், ஏறவில்லையென்றால் தண்ணீர் சுத்தம், அவ்வளவுதான் எங்கள் ஆட்களின் சாஸ்திரம். "எளநியாட்டம் இருக்குதுங்க" என்று ஒருவர் குடித்துப் பார்க்காமலே சொன்னார்.

மிச்சம் இருந்தது மண். மனையில் பச்சையாக ஏதாவது நின்றால்தான் வருகிறவனுக்கு நம்பிக்கை வரும். அதற்குத்தான் அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மாவின் கைராசி தெருவே அறிந்தது. யார் வீட்டில் தறிக்குப் புது நூல் பாவு ஏற்றினாலும் முதல் இழையைப் பிணைக்க அவளைத்தான் அழைப்பார்கள். அவள் தொட்டால் பாவு அறுகாமல் ஓடும் என்று பேச்சு. வெற்றிலை பாக்கோடு கொஞ்சம் சர்க்கரையும் கொடுப்பார்கள். சர்க்கரை எனக்கு. அம்மா அந்தக் காலை வேளைகளில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நடக்கிற நடையே வேறு.

"நீ வெச்சா பட்ட மரமுந் தழையும், வாக்கா" என்று மாமா அழைக்க, அம்மா இரண்டு வாழைக்கன்றுகளை மூலை மனையில் நட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டாள். அடுத்த அமாவாசைக்குள் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. மறுபடி நட்டாள். அதுவும் போயிற்று. மனை பார்க்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தபோது மாமா சட்டென்று சொன்னார்: "மண்ணுல ஒண்ணும் குத்தமில்லீங்க. எங்கக்கா வெச்சுது. அதுக்கு இப்பக் கைராசி போயிருச்சு."

அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

அப்புறம் மாமாவே பரமத்தி வேலூரிலிருந்து பஸ் கூரையில் கன்று கொண்டுவந்து அதே மூலை மனையில் நட்டார். பொழுது விடியும்போது நட்டார். நான் பார்த்தேன். பழைய எண்ணெய் டின்னில் நல்ல மண் போட்டு, கன்றை அதில் வைத்து, டின்னோடு புதைத்து விளிம்பு தெரியாமல் மூடினார். வாழையை இப்படித்தான் நடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் சுமந்து ஊற்றினார். கன்று ஜம்மென்று வந்தது. மனைகளும் ஜம்மென்று விற்றன. எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் கூடி, கிணற்றில் முதல் குடம் தண்ணீர் சேந்துவதற்கு மாமாவின் மனைவியை அழைத்தார்கள். அம்மாவை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

தெருவும் மறக்கவில்லை. பாவு பிணைக்க வேறு ஒருத்தியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குச் சர்க்கரை போன வருத்தம். அம்மா தறியில் உட்காரும்போது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

மூலை மனையில் ஓட்டு வீடு கட்டிக் குடிபோனோம். கிணற்றுத் தண்ணீரை இன்னும் யாரும் குடிக்க ஆரம்பிக்கவில்லை. மற்றவர்கள் அப்போதுதான் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அம்மா வாழையடியில் பக்கக்கன்று எடுக்கக் கொத்தினாள். டங்கென்று டின்னில் பட்டது. சுற்றிலும் தோண்டிப் பார்த்தாள். டின்னுக்குள் கரிசல் வண்டல், வெளியே ஊதா நிறத்தில் கொழகொழவென்று மண். எடுத்து முகர்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு மண்ணைத் தள்ளி டின்னை மூடிவிட்டாள்.

இப்போது மாமா வசமாக மாட்டினார், தெருவே கூடப்போகிறது என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு, வீடு கட்டுகிறவர்களிடம் ஒவ்வொருவராகப் போனாள்.

"அந்தக் கெணத்துத் தண்ணிய வாயில வெச்சறாதீங்க. மொதக் கொடம் நாந்தான் சேந்துனேன். எங் கையி எப்படின்னு தெரியுமல்லொ? வாழையே கருகிப் போச்சு. பச்சப்புள்ளைங்க இருக்கற ஊடு, பாத்துக்கங்க."

ஒருத்தி என்னைக்கூடத் தொடாமல் ஒதுங்கினாள். அன்றிலிருந்து அந்த மனைக்காரர்கள் யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. முனகிக்கொண்டே தெருக்குழாயில் வரிசை நின்று குடம் தூக்கினார்கள். வருகிற வழியில் அம்மாவைத் திட்டினார்கள். மாமாவை யாரும் திட்டவில்லை.

"நீ சேந்தவே இல்லையே, மாமிதானே சேந்துனாங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மண்ணு கெட்டுப் போச்சுன்னா எவன் நம்புவான் சாமி? சிட்டம் வெள்ளையா இருந்ததப் பாத்தவங்க. எங் கையி கெட்டதுன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள்.

மண் கெட்டது என்ற பாதி என் காதிலேயே ஏறவில்லை. தன் கை கெட்டது என்று அம்மா தன் வாயாலேயே சொல்லிவிட்டாள், இனி அவளைப் பாவு பிணைக்க யாருமே கூப்பிட மாட்டார்கள் என்று பாய்க்குள் முகத்தைப் புதைத்து அழுதேன்.