மிகப் பச்சையான குழாய்

பாசிகளின் பரிணாமத்தை ஆராய்பவனுக்குத் திருவொற்றியூரில் கிடைக்கும் மரியாதை ஒன்றுதான்: மாடித் தொட்டி வழுக்கினால் கூப்பிட்டு அனுப்புவார்கள். எந்தப் பாசி எதிலிருந்து கிளைத்தது என்று இருபது வருடமாகப் படிக்கிறேன் என்று எதிர்வீட்டு அம்மாவிடம் ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். “அத்த அப்பால படிச்சிக்கோ சார். தொட்டிக்கு இன்னா ஊத்தணும், அத்த சொல்லு” என்றார். பிளீச்சிங் பவுடர் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

என் உத்தியோகம், பதவி உயர்வு, கூட்டங்களில் கிடைத்த சால்வைகள் எல்லாம் எண்ணூர்க் கழிமுகத்தின் ஒரு வளைவில் எடுத்த ஒரு துளிச் சேற்றின் மேல் நின்றவை. அங்கே என்னைப் படகில் கொண்டுபோனவர் எண்ணூர் மீனவர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நைனா என்று கூப்பிடுவேன். நான் அலையாத்தி மர வேர்களில் படிந்த சேற்றைக் கத்தியால் சுரண்டிச் சீசாவில் போடும்போது, மீன் பிடிக்க வக்கில்லாதவன்தான் வேரைச் சுரண்டுவான் என்று சிரித்தபடி படகை ஆடாமல் பிடித்துக்கொள்வார்.

அந்தத் துளியில் ஒரு ஒற்றைச் செல் பாசி இருந்தது. ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு மடிப்பு. அதுவரை யாரும் பதிவு செய்யாத இனம். மகா சோம்பேறி, மற்ற பாசிகள் நான்கு தலைமுறை காண்பதற்குள் இது ஒரு தலைமுறை காணும். உப்புநீர்க் கரைசல் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களில் அதை வளர்த்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய குழாயிலிருந்து ஒரு துளியைப் புதிய குழாய்க்கு மாற்ற வேண்டும். மறந்தால் செத்துப்போகும். நான் கல்யாண நாளை மறந்திருக்கிறேன், அதை மறந்ததில்லை.

வளைவு மெல்ல மெல்ல அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்தது. ஒருநாள் நைனா படகை நிறுத்திக் கைகாட்டிய இடத்தில் செருப்போடு நடக்கலாம் போலிருந்தது. வேர் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

“நம்ம பாசி உயிரோட கீதா சார்?”

“கீது நைனா” என்பேன். உலகத்தில் மிச்சமிருப்பது என் அலமாரியில்தான் என்பதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன வருடம் அதன் மரபணுவை முழுமையாகப் படிக்கலாம் என்று அனுப்பினேன். முடிவு வந்தது. குழாயில் இருந்தது உப்புத் தண்ணீர் தேங்கும் எந்தப் பள்ளத்திலும் வளர்கிற சாதாரணப் பாசி.

எப்படி நடந்தது என்று புரிய எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது. என்றோ ஒருநாள் அந்நியச் செல் ஒன்று உள்ளே வந்திருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும், எந்தக் குழாய் நன்றாகப் பச்சையாக இருக்கிறதோ அதிலிருந்தே துளியை எடுத்திருக்கிறேன். வேகமாக வளர்வதுதான் பச்சையாக இருக்கும். இயற்கைத் தேர்வைப் பற்றி வருடம் தவறாமல் வகுப்பெடுக்கிறவன், என் கையாலேயே சோம்பேறியைக் கழித்துக்கட்டியிருக்கிறேன். பெயர்ச்சீட்டை நம்பி நுண்ணோக்கியில் பார்ப்பதைக்கூட நிறுத்தியிருந்தேன். வாசலில் பழைய குடித்தனக்காரர் பெயர் தொங்க, உள்ளே வேறு யாருக்கோ இத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறேன்.

நைனாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

“எத்தினி வருசமா?”

“தெரியல நைனா.”

“மீனுகூட செத்தா நாறும் சார். உன் பாசிக்கு அதுகூட தெரியல.” சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ கீது கீதுன்னு சொல்லிக்கினு இருந்தியே. அத்த நம்பித்தான் அந்த வளைவு முழுசா பூடலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

இப்போதெல்லாம் இருப்பதிலேயே அதிகம் வெளிறிக் கிடக்கும் குழாயிலிருந்துதான் துளி எடுக்கிறேன். மாற்றியதும் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து, நுண்ணோக்கியில் அந்த மடிப்பு எங்காவது தெரிகிறதா என்று கண் எரியும்வரை பார்க்கிறேன். இதுவரை இல்லை. சில சமயம் ஓரத்தில் ஏதோ மடிந்த மாதிரி தோன்றும். கண்ணாடியைத் துடைத்தால் போய்விடும்.

நைனாவை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். இறால் வரத்து, முழங்கால் வலி, மருமகன் அலட்டல் எல்லாம் சொல்கிறார். எதிரே வரும்போதே ‘கீது’ என்று சொல்ல என் வாய் பழக்கத்தில் தயாராகிவிடுகிறது. அவர் கேட்பதில்லை.