சின்னத் தாடைக்காரன்

குழந்தையைத் தூங்க வைக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். அதன் மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயை நுழைத்து முடிப்பதுதான் பெரும்பாடு. மயக்க மருந்து கொடுத்துப் பிழைக்கும் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

பட்டினி

கவினைச் சுருளிப்பட்டியிலிருந்து தேனிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு வயது. மேலண்ணத்தில் பிளவு, தாடை மிகச் சிறியது. அப்படிப்பட்ட தாடைக்குப் பின்னால் மூச்சுக்குழலின் வாசல் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மதுரைக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. அது தைரியமா, திமிரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை, "ஆ காட்டு" என்றேன். நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது; வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவன் எதையோ தின்றிருந்தான். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி, மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன். அவன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சோறு தண்ணி குடுக்கக் கூடாதுன்னுதான சொன்னீக? இது நம்ம தோட்டத்துத் திராட்சை சார், ரெண்டே ரெண்டு!"

சிஸ்டரின் கை

மறுநாள், தானாக மூச்சு விடும்படி வைத்தே அவனை மயக்கினேன். தசையைத் தளர்த்தும் ஊசி போட்டால் அந்த மூச்சு நின்றுவிடும். குழாயும் போகாவிட்டால் பிள்ளை நமக்கில்லை. அதனால், குழாய் உள்ளே போகும்வரை நானே கேட்டாலும் அந்த ஊசியைத் தரக்கூடாது என்று சிஸ்டர் பாண்டீஸ்வரியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்.

இரண்டு முறை முயன்றேன். சதையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, தசை தளர்ந்தால் தெரியுமோ என்ற சபலத்தில் ஊசிக்குக் கை நீட்டினேன். சிஸ்டர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நீங்களே கேட்டாலும் குடுக்காதேன்னு சொன்னீக சார். குடுக்க மாட்டேன்."

மூன்றாம் முறை, சதை மடிப்புகளுக்கு நடுவே சின்னதாக ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அவன் விட்ட மூச்சு! அங்கேயே குழாயைச் செலுத்தினேன். திரையில் மூச்சின் அலை எழுந்தது. அந்த ஒரு நிமிடம், அந்த அறையில் என்னைவிட உயரமானவன் யாருமில்லை.

சிஸ்டர் ஊசியை முன்னால் கொண்டுவந்தார். "இப்பக் கேளுங்க சார், தாரேன்."

கூப்பாடு

பிளவைத் தைத்து முடித்து, குழாயை எடுத்ததும் கவின் போட்ட கூப்பாட்டில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அடைப்பில்லாத தொண்டையிலிருந்துதான் அப்படி ஓர் அழுகை வரும். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் அம்மா ஓடிவந்தார்.

"மருந்து பத்தலையோ சார்? இந்தக் கத்துக் கத்துறானே!"

யாராவது நம்மிடம் வந்து குறை சொல்லும் அளவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தால், நம் தொழிலில் அதற்குப் பெயர்தான் வெற்றி.